மூன்றாந்தரம்

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் பிளேஸ்டோ வீட்டில் நான் மட்டும்தான். மத்தியான ஷிப்டுக்குப் புறப்படச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தபோது, அறைக்குள்ளிருந்து "பபா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. சின்ன வயதில் வீட்டில் என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயர் தெரிந்த யாரும் இன்று உயிரோடு இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. மன்னாரில் அம்மா பழக்கிய பழக்கம் அது. யார் கூப்பிட்டாலும் மூன்றாந்தரம்தான் பதில் சொல்ல வேண்டும். பேய்க்கு மூன்றுதரம் கூப்பிட ஏலாது என்பார்.

அங்கே என் சின்ன வயதில் ஒரு மாலை செபமாலை முடிந்ததும், கோயிலில் அணையாத விளக்கருகே படுத்திருந்த சிறுவன் சாமுவேலைக் கடவுள் பெயர் சொல்லிக் கூப்பிடும் பகுதியை அப்பா பைபிளில் வாசித்தார். மண்ணெண்ணெய் விளக்குப் புகையோடு கருவாட்டு மணமும் அறையில் நின்றது.

"அந்தக் கோயில் எங்கட நெஞ்சு. அணையாத விளக்கு எங்கட உணர்வு. குரல் வெளியில இருந்து வரேல்லை" என்றார் அப்பா.

"உள்ளுக்க இருந்து வந்தாலும் மூண்டுதரம் வரட்டும்" என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

அப்பா சிரித்தார். அந்த நேரம் வாசல் படலையடியில் யாரோ அவர் பெயரைச் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஓம், வாறன்" என்று உடனே எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஆரப்பா அது?" என்று அம்மா கேட்டார்.

"ஒருத்தருமில்லை. என்ர குரல்தான்."

அதன்பிறகு அப்பாவும் மூன்றாந்தரம்தான் பதில் சொன்னார்.

அறைக்குள்ளிருந்து மறுபடியும் "பபா" என்றது. சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தேன். மூன்றாந்தரம் அது கூப்பிட்டபோது, என் உதடுகளே "பபா" என்று அசைந்துகொண்டிருந்தன.