ஏரோதுக்குச் சிவப்புக் கையுறை

இப்போது என் சமையலறையில் இருப்பவர்கள்: நான், மகள், பக்கத்து வீட்டு ரீட்டா அக்கா.

நாளை பங்கு மண்டபத்தில் இயேசு பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகம். மகள்தான் ஏரோது ராஜா. மண்டபத்துப் படத்தில் அவன் அணிந்திருக்கும் அதே சிவப்புக் கையுறை வேண்டுமாம். கண்டி டவுன் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை.

அலுமாரியில் இருந்த வெள்ளைக் கையுறையில் ஒன்றைச் சாயத்தில் முக்கினேன். அழகாகப் பிடித்தது.

"ஐயோ, இது புள்ள கோயில்ல முதல்நன்மை வாங்குறப்போ போட்டதில்ல? ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்ததாச்சே! பச்சப் புள்ளைங்கள கொன்னவனுக்கா போடப் போறீங்க?" என்றார் அக்கா.

அவசரத்தில் எனக்கு அது நினைவே வரவில்லை.

"அப்ப நான் ஒத்தக் கையாலயா கொல்றது?" என்றாள் மகள்.

ஃபாதர் போன் எடுக்கவில்லை. சாயம் ஆறிக்கொண்டிருக்கிறது. மற்றதையும் முக்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.