சந்தனப் பொட்டும் பாக்கெட் ஃபார்வர்டிங்கும்

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆம்பூர் ஷூ ஃபாக்டரிக்குப் போன என் மனைவி கலா, காலையிலேயே போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"வேலை போய்டும் போல இருக்குங்க" என்றாள்.

கலா அங்கே நெட்வொர்க் பார்க்கிறவள். ஆபீஸில் போடும் ஷூ டிசைன், தோல் வெட்டும் மெஷின்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆபீஸுக்கு ஒரு நெட்வொர்க், மெஷின்களுக்கு வேறொன்று. நடுவே ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் – இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுவதுதான் அதன் பிழைப்பு. அன்றைக்குத் தள்ளவில்லை. மெஷின்கள் சும்மா நிற்கின்றன. சாயங்காலம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு சாம்பிள் கிளம்பியாக வேண்டும். போகாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் மேனேஜர்.

இத்தனைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் பதில் சொல்கிறது. பிறகென்ன கேடு?

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பாக்கெட் ஃபார்வர்டிங் என்று ஒரு செட்டிங். 'ஒன்று' என்றிருந்தால், அடுத்தவருக்கு வந்த டேட்டாவை வாங்கி அனுப்பிவைக்கும். 'பூஜ்ஜியம்' என்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். தாலுகா ஆபீஸில்கூட 'இது நம்ம சீட் இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள்... யாரோ எப்போதோ அதை ஒன்று ஆக்கிவிட்டு, நிரந்தரமாகப் பதியாமல் போய்விட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழையபடி பூஜ்ஜியம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கலா இதைக் கண்டுபிடித்து, சரி பண்ணட்டுமா என்று கேட்டாளாம். ஓடுற மெஷின்ல கை வைக்காதே என்று தடுத்தவர் இதே மேனேஜர்.

சரி, அணைத்தது யார்? போய்ப் பார்த்தால் பவர் பட்டன் மேலேயே சந்தனப் பொட்டு! விசாரித்தால், வருஷத்துக்கு ஒருநாள் அதுவும் ஓய்வெடுக்கட்டும் என்று, பூஜையன்று மேனேஜரே தன் கையால் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி ஆன் பண்ணியிருக்கிறார். நம் ஊரில் மெஷினைத் தொட இன்ஜினியர்தான் பர்மிஷன் வாங்க வேண்டும். சாமி பேரைச் சொன்னால் யார் வேண்டுமானாலும் தொடலாம்.

கலா பூஜ்ஜியத்தை ஒன்று ஆக்கினாள். இந்த முறை யாரையும் கேட்காமல் நிரந்தரமாகவே பதிந்துவிட்டாள். மெஷின்கள் வெட்ட ஆரம்பித்தன. சாம்பிளும் கிளம்பியது.

அப்புறம்தான் மேனேஜர் கூப்பிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாராம். நடந்ததை அப்படியே சொன்னாள். கேட்டுவிட்டு மேனேஜர் சொன்னாராம்:

"சரிம்மா, போ. இந்தத் தபா மன்னிச்சிட்டேன்."

தப்பு செய்தவரே மன்னித்தும் விட்டார் – இவ்வளவு பெரிய மனசு நமக்கெல்லாம் வருமா?