அக்கா நகர்த்திய பிள்ளையார் சுழி

உ

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மேலே போட்டிருக்கும் பிள்ளையார் சுழியைப் பார்த்துச் சிலர் திடுக்கிடுவீர்கள். துக்கக் காகிதத்தில் சுழி போடும் வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

ஓராண்டு ஆகிவிட்டது. எனக்கு இன்னும் அதிர்ச்சி விலகவில்லை. காலை எட்டு மணிக்கு, "டிபன் டப்பாவ மறந்துட்டுப் போவாத, நான் பின்னாலயே ஓடி வர முடியாது" என்று என்னைத் திட்டிய மனுஷி பதினொரு மணிக்கு இல்லை என்றால் எப்படி நம்புவது? தலைவலி என்றுகூட அவர் சொன்னதில்லை.

அக்கா பிறந்தது இந்த வங்காள ஊரில்தான், பவானிபூரில், நாங்கள் இப்போதும் இருக்கும் இதே வீட்டின் முன்னறையில். தாத்தா காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானார். அன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு, வரைபடம் வரையும் பயிற்சியில் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் தாங்கியது அந்தப் பென்சில்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி முதல்ல ஒரு வேலைல உக்காரட்டும்" என்பார். நான் வங்கியில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் அக்கா பேச்சை மாற்றிக்கொண்டேதான் இருந்தார். அவருடைய பிடிவாதத்தை அறியாதவர் இந்த மலரை வாங்கியவர்களில் யாரும் இருக்க முடியாது.

தொண்ணூறுகளின் பாதியில் பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மரப் பட்டறையில் சேர்ந்தார். சில வருடங்களில் அங்கே கணினி வந்தது. பிறகு கணினி சொன்னபடி மரம் செதுக்கும் இயந்திரமும் வந்தது. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட என்னிடம் நீட்டுகிறவர், நாற்பதை நெருங்கும் வயதில் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டார். எனக்கு வாய் பிளந்துபோனது. "பென்சில் மாதிரிதான்டா, அழிச்சா தூள் விழாது, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டு பக்கமும் செதுக்கும் பலகைதான் அங்கே கடினமான வேலை. முன்பக்கம் ஒரு பூ, பின்பக்கம் அதே பூ. துளை விழும் இடங்களில் இரண்டும் இம்மி பிசகாமல் சந்திக்க வேண்டும். இயந்திரமோ ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் செதுக்கும். பிறகு பலகையைப் புரட்டிப் போடுவார்கள். அதனால் முன்கூட்டியே கணினித் திரையில் பலகையைக் கண்ணாடி போல ஆக்கி, இரு பக்கத்துக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றனவா என்று பார்ப்பது அக்காவின் பொறுப்பு.

முதல் தடவையே விபரீதம் நடந்தது. அக்காவுக்குப் பிள்ளையார் சுழி போடாமல் எந்தக் காகிதத்திலும் கை ஓடாது. மளிகைச் சீட்டிலும் போடுவார். முதல் பக்கத்து வரைபடத்தின் மூலையிலும் வழக்கம்போல ஓர் உ. நமக்கு அது ஆரம்பம். வங்காள எழுத்தில் இரண்டு என்ற எண் கிட்டத்தட்ட நம் உ மாதிரியே இருக்கும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் பஸ் நம்பர் படிக்கிறோம், எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

தலைமைத் தச்சர் ஹரிதா, அதாவது ஹரி அண்ணன், அதை இரண்டாம் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, வரிசையை மாற்றிச் செதுக்கிவிட்டார். முதல் பக்கத்துக்கு அளவை இடது ஓரத்திலிருந்தும், புரட்டிய பின் வலது ஓரத்திலிருந்தும் எடுக்க வேண்டும். வரிசை மாறியதும் ஓரமும் மாறிப்போய், பலகையில் இருந்த மயிலின் கழுத்தில் இரண்டு விரற்கடை ஓட்டை விழுந்தது.

"திதி, ஆப்னி தோ துய் லிகேச்சேன்!" என்று ஹரிதா வரைபடத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அக்கா, நீங்கள்தானே இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் என்று.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு சுழியை விட்டிருப்பார்கள். அக்கா இன்னொன்று சேர்த்தார். வெட்டி எறியப்போகும் ஓர விளிம்பில் முன்பக்கம் ஓர் உ, பின்பக்கம் அதற்கு நேர் பின்னால் இடவலம் மாறிய உ. திரையில் இரண்டும் சேர்ந்து ஒரே உ ஆகத் தெரிந்தால் பலகை சரி. நேராக இருப்பது முதல் பக்கம், திரும்பியிருப்பது அடுத்த பக்கம். அதற்குப் பிறகு ஒரு பலகையும் பிசகவில்லை. பட்டறையில் அக்காவுக்கு "துய் திதி", இரண்டு அக்கா, என்றே பெயர் விழுந்தது. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

போன வருடம் அந்தக் காலையில் அக்கா பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் முடிந்து சில நாள் கழித்து அவருடைய மூக்குக்கண்ணாடியையும் குடையையும் வாங்கிவரப் பட்டறைக்குப் போனேன். அக்காவின் நாற்காலியில் புதிதாக வந்த ஒருவர் இருந்தார். பக்கத்தில் முதலாளி. திரையில் அக்கா கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த பலகை. இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து எடுத்த பர்மாத் தேக்கு. அதுபோல் இன்னொன்று கிடைக்காது. திரையில் இரண்டு சுழிகளும் ஒரு கட்டைவிரல் அகலம் விலகி நின்றன.

முதலாளி தாழ்ந்த குரலில், "கடைசியில் திதிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், கணக்கு தவறிவிட்டது, நாங்கள் திருத்திக்கொள்கிறோம்" என்று வங்காளத்தில் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ அக்கா இரண்டாம் முறை போன மாதிரி இருந்தது. அத்தனை வருடம் பிசகாத கை, கடைசியில் பிசகியது என்ற பேரோடா முடிய வேண்டும்?

புதியவர் பின்பக்கத்துச் செதுக்கல் முழுவதையும் நகர்த்திச் சுழியோடு சேர்க்க மவுஸைப் பிடித்தார். மென்பொருள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் நான் பூவைப் பார்த்தேன். "பூவெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரியாகத்தானே இருக்கிறது? சுழி மட்டும்தானே விலகியிருக்கிறது?" என்று கேட்டேன்.

"தாரான்!" என்று ஹரிதா பின்னாலிருந்து கத்தினார். நில்லுங்கள் என்று. எங்களை இழுத்துக்கொண்டுபோய் அந்தத் தேக்குப் பலகையைக் காட்டினார். மூலையில் ஒரு விரிசல், அதைச் சுற்றிச் சாக்பீஸ் வட்டம். அக்கா போன அன்று காலை, சுழி விழும் இடத்தில் இந்த விரிசல் இருப்பதை அக்காவிடம் சொன்னவர் அவர்தான். விளிம்பிலேயே சுழியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். முன்பக்கத்துச் சுழியைத் தள்ளிவிட்டார். பின்பக்கத்தைத் தள்ளுவதற்குள் போய்விட்டார்.

ஹரிதா வாய்விட்டு அழுதார். நான் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "துமி கொரோ, பாய்," நீயே செய் தம்பி, என்றார் ஹரிதா. அவர் காட்டிக்கொடுக்க, பின்பக்கத்துச் சுழியைப் பிடித்து நகர்த்தினேன். இரண்டும் ஒன்றாயின. பலகை மறுநாள் செதுக்கப்பட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்தபோது ஒவ்வொரு பூவின் வழியாகவும் வெளிச்சம் வந்தது.

முதல் நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பைத் தன் அடுப்பாகப் பார்த்துக்கொண்ட மேல்வீட்டு மாசிமாவுக்கும், காரியத்துக்கு வேண்டியதையெல்லாம் கேட்காமலே அனுப்பிய லேக் மார்க்கெட் கடைக்காரருக்கும், அக்காவின் பெயரைக் காப்பாற்றிய ஹரிதாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சென்ற வாரம் ஹரிதா வீட்டுக்கு வந்தார். வெட்டி எறிந்திருக்க வேண்டிய அந்த விளிம்புத் துண்டை வங்காளச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் நேர் உ, மறுபக்கம் திரும்பிய உ. அப்போதுதான் அச்சகத்திலிருந்து இந்த மலரின் பிழைத்திருத்தப் படி வந்திருந்தது. மேலே சுழி போட வேண்டும் என்று நான் எழுதியிருந்ததைச் சித்தப்பா அடித்திருந்தார். துக்கத்துக்கு ஆகாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அம்மா அந்தத் துண்டை மடியில் வைத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போடச் சொல்லுடா. எம்பொண்ணு இப்பத்தானே ஆரம்பிச்சா."