வில்சனின் மூன்றாவது குரல்

வில்சனிடம் யார் பேசினாலும் அவன் அவர்களுடைய கண்ணைப் பார்க்கமாட்டான், வாயைத்தான் பார்ப்பான். எண்ணூர் நெடுஞ்சாலையில் இப்போது மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனியில், பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்து வடிவாக்கும் ராட்சதச் சம்மட்டியின் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றவன். காதில் பஞ்சு வைத்துக்கொள்வான், அவ்வளவுதான் பாதுகாப்பு. நாற்பத்தைந்து வயதில் கேட்கும் திறன் பாதிக்கு மேல் போயிற்று. போன இடத்தில் ஒரு விசில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"காதுக்குள்ள ஒருத்தன் விசில் அடிச்சிகினே கீறான் ஆலிஸு. ஒரு நிமிசம் வாய மூட மாட்டேன்றான், கஸ்மாலம்" என்பான்.

ஆலிஸ் அவனுடைய தங்கை. ராயபுரம் பனைமரத்தொட்டியில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருவரும் இருந்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஆலிஸுக்குத் திருவொற்றியூரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஆளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, எது வரை கேட்கிறது என்று குறித்துக் கொடுப்பாள்.

வில்சனின் உயிர் ஒரு பழைய கணினியில் இருந்தது. கமடோர் 64. எண்பத்தொன்பதில் கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்தது பர்மா பஜாருக்கு வர, அங்கே இவன் வாங்கினான். விசைப்பலகைக்குள்ளேயே முழு இயந்திரமும் அடக்கம். திரைக்கு டிவியில் செருகவேண்டும். கூடவே ஒரு பை நிறைய கேசட். அவற்றில் பாட்டு இல்லை, டெமோக்கள் இருந்தன. ஐரோப்பாவில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள், இந்த இயந்திரத்தால் முடியாது என்று அதைச் செய்தவர்களே சொன்னதையெல்லாம் செய்துகாட்ட எழுதிய சின்னச் சின்ன நிரல்கள். படம் சுழலும், எழுத்து அலைபோல ஓடும், ஓடுகிற எழுத்தில் நண்பர்களுக்கு வணக்கமும் எதிரிகளுக்கு நக்கலும் இருக்கும். பின்னால் கணினியின் சில்லே, அந்தச் சின்ன சிப்பே, எழுப்பும் இசை.

அதில் ஒன்றை வில்சன் நூறு தடவையாவது ஓட்டியிருப்பான். பனி பெய்யும், திரையைச் சுற்றியிருக்கிற, எதுவும் வரைய முடியாத கறுப்பு விளிம்பையும் தாண்டி வெளியே விழும். "பார்டர தொறந்துட்டான் பாரேன்! டிவிக்கு வெளில கொட்டுது!" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவான். பனியையே பார்த்திராத ஆலிஸுக்கு அது எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மாதிரித்தான் தெரிந்தது.

அந்த இயந்திரத்தின் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் மூன்று குரல்தான் எழுப்பும். அந்த மூன்றை வைத்து ஒரு வாத்தியக் குழுவே வாசிப்பதுபோல ஏமாற்றுவதுதான் அந்தக் கலையின் பெருமை. கம்பெனி மூடியபிறகு வில்சனும் எழுத ஆரம்பித்தான். காது கேட்காதவன் எப்படி இசை எழுதுகிறான் என்று கேட்டால், டிவிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்காட்டுவான். பேஸ், அந்தக் கனத்த கீழ்ச்சுரம், அதிர்வாகக் கையில் கேட்டது. மற்றதை எண்களாகவே எழுதினான்.

2021இல் ஓர் இணையப் போட்டிக்கு ஒரு பாட்டு அனுப்பினான். பெயர் 'குடித்தனக்காரன்'. இருபத்தாறு பாட்டில் இருபத்துநான்காவது இடம். வந்த கருத்துகளை ஆலிஸ்தான் படித்துச் சொன்னாள். மூன்றாவது குரல் காலியாக இருக்கிறதே, முடிக்கவில்லையா? கடைசியில் இருபது நொடி ஒன்றுமே இல்லையே, பிழையா? ஆள் இல்லாத வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருக்கிறது.

வில்சன் சிரித்தான். "அவங்களுக்கு அப்டிதான் கேக்கும்."

ஆலிஸுக்கும் அப்படித்தான் கேட்டது. இரண்டு குரலும் ஏதோ சொல்லும், சட்டென்று நிற்கும், யாரோ பதில் சொல்வதற்கு இடம் விடுவதுபோல. அந்த இடைவெளிகளில் வில்சன் தலையசைப்பான். அவள் அப்போதெல்லாம் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

அடுத்த வருடம், காசிமேட்டில் மீன் வாங்கப் போனவன் மார்பைப் பிடித்துக்கொண்டு ஏலக்கூடத்தின் ஈரத் தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு ஞாயிறு மத்தியானம் ஆலிஸ் அந்த இயந்திரத்தை முதல்முறையாகத் தானே போட்டாள். 'குடித்தனக்காரன்' ஓடியது. இடைவெளி வந்தது. கேட்பவன் இல்லாத வீட்டிலும் அந்தப் பாட்டு அதேபோல நின்று, காத்திருந்து, பிறகு தொடர்ந்தது. யாரோ பதில் சொல்லி முடித்ததுபோல. அவள் பாதியிலேயே அணைத்தாள். அணைத்தபிறகும் அந்த வாரம் முழுக்க, அடுப்படியில், குளியலறையில், அந்த இடைவெளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

தேவப்பிரியத்துக்குப் போன் செய்தாள். மணலி புதுநகரில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். தெற்கே நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம். இதே கிறுக்கு உள்ள, வில்சனின் ஒரே தோஸ்து.

"அண்ணே, அத்த நீயே எடுத்துகினு போய்டு. என்னால வூட்ல இருக்க முடில."

அவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். கட்டுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், அந்தப் பாட்டின் எண்களைத் திரையில் விரித்துப் பார்த்தார். பார்த்தவர் அட்டைப்பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"எக்கா, மூணாவது குரல் காலி இல்ல. எழுதித்தான் வச்சிருக்காரு. பாட்டு முழுக்க ஒரே ஒரு சுரம். சத்தம் வரக்கூடாதுன்னு அதோட சுவிட்ச மட்டும் அணைச்சு வச்சிருக்காரு."

"இன்னா சுரம்?"

அவர் போனில் கணக்குப் போட்டார். "மூவாயிரத்து எழுநூத்து முப்பது ஹெர்ட்ஸ். சில்லு போவுற உச்சத்துக்குப் பக்கத்துல. இத எதுக்கு எழுதணும்?"

ஆலிஸுக்கு அந்த எண் தெரியும். அந்த எண்ணைக் குறித்தது அவளுடைய கை. பதினெட்டு வருடம் முன்னால், விசில் வந்த மறுவருடம், கிளினிக்கில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அண்ணனை உட்காரவைத்து, அவன் காதுக்குள் கேட்கும் விசிலுக்கு ஒத்த சத்தத்தைத் தேடிக் குமிழைத் திருகிக்கொண்டே போனாள். திடீரென்று அவன் கண்ணாடியைத் தட்டினான். "அவந்தான்! அவனேதான்!"

"சுவிட்ச போடுண்ணே" என்றாள்.

விசில் வந்தது. ஊசியால் பல்லைச் சுரண்டுவதுபோல. தேவப்பிரியம் காதைப் பொத்திக்கொண்டார். ஆலிஸ் பொத்தவில்லை. பத்தொன்பது வருடம் அண்ணன் சாப்பிட்டது, தூங்கியது, செபம் சொன்னது எல்லாம் இதற்குள்தான். பிறகு மற்ற இரண்டு குரலும் உள்ளே வந்தன. மெல்ல மெல்ல அந்த விசில் சுருதிப்பெட்டியின் சுருதிபோல ஆயிற்று. எல்லாம் அதன்மேல் நின்றது. இடைவெளிகளில் அது மட்டும் பாடியது, எதிரே இருப்பவன் பேசுவதுபோல. முடியும் இடத்தில் இரண்டு குரலும் மேலே, மேலே ஏறி, விசிலையே விழுங்கின. சட்டென்று எல்லாம் நின்றது. விசிலும்.

"இங்க மூணாவதுலயும் பூஜ்யம் போட்டிருக்காரு, இருபது நொடிக்கு" என்றார் தேவப்பிரியம் மெதுவாக.

ஆலிஸுக்குப் புரிந்தது. மூன்றாவது குரலை அவன் காதே பாடிக்கொண்டிருந்தது, அதனால்தான் சுவிட்சை அணைத்துவைத்திருக்கிறான். கிளினிக்கில் பார்த்திருக்கிறாள். அதே சத்தத்தைப் பலமாகக் கொடுத்து நிறுத்தினால், சிலருக்குக் காதுக்குள் இருப்பது கொஞ்ச நேரம் அடங்கும். அந்த இருபது நொடி வில்சனுக்கு எதுவும் கேட்காமல் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் நான்கு நிமிடப் பாட்டு. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

தேவப்பிரியம் காலி அட்டைப்பெட்டியோடு திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் ஆலிஸ் ஞாயிறுதோறும் மூன்று குரலோடும் பாட்டைப் போட்டாள். மழைக்காலம் தொடங்கும்போது, இயந்திரம் அணைந்திருக்கையிலும் மெலிதாக ஒரு விசில் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. டாக்டர் அவளைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்காரவைத்துச் சோதித்தார். காதில் ஒரு குறையும் இல்லை.

"எத்தன ஹெர்ட்ஸ்ல கேக்குதுன்னு பாத்துடலாமா ஆலிஸ்?" என்று குமிழில் கைவைத்தார்.

ஆலிஸ் ஹெட்போனைக் கழற்றினாள்.

"வேணா டாக்டர். இருந்துட்டு போவட்டும்."