பிரெஞ்சு சங்கத்தின் தலைவர்

ஜங்லிகாட் டீக்கடையில் அவர் தனியாக உட்கார்ந்து பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்ட நொடியிலேயே எனக்குத் தோன்றியது: நின்றுபோன அவருடைய பிரெஞ்சு சங்கத்தை மறுபடி கூட்டினால் என்ன?

வாத்தியாராக இருந்து எங்கள் வார்டு கவுன்சிலரானவர். பாண்டிச்சேரியிலிருந்து வந்து இங்கே அந்தமானில் குடியேறிய பிரெஞ்சு பேசும் குடும்பங்களின் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். குட்டையான மனிதர், பெரிய காதுகள். பிரெஞ்சு பேசும்போது மட்டும், எவ்வளவு புழுக்கமானாலும், கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். ஞாயிறன்று கூடம் நிறைந்துவிட்டது. பெரியவர்கள் காலமாகியிருந்தார்கள், வந்தவர்கள் அவர்களின் பிள்ளைகள். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் பேசினார். கடைசியில் ஏதோ கேள்வி கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“மாஸ்டர்ஜி, நம்ம கலீல தெருக்குழாய்ல தண்ணியே வர்றதில்ல. ஆபீசுக்கு நடந்து நடந்து பரேஷான் ஆயிட்டோம். நீங்க ஒரு போன் போடுங்களேன்.”

உடனே சாலை, தெருவிளக்கு என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அவர் எல்லோருக்கும் பொறுமையாகத் தமிழும் இந்தியுமாகப் பதில் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “கடைசியில என்ன சார் கேட்டீங்க?”

“எல்லாரும் சௌக்கியமான்னுதான்ப்பா.” சிரித்தார். “எலக்‌ஷன்லகூட எனக்கு இவ்ளோ கூட்டம் வந்ததில்ல, போ!” பிறகு குரல் இறங்கியது. “பதில் சொல்ல ஒரு ஆள் போதும். லாங் ஐலண்ட்ல ஒரு பிரெஞ்சு டீச்சரம்மா இருந்தாங்க. இருக்காங்களோ என்னவோ.”

நாளைக் காலை ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து லாங் ஐலண்டுக்குப் படகு இருக்கிறது. அந்த அம்மா உயிரோடு இருந்தால், இவருக்குப் போன் போட்டு அந்தம்மா கையில் கொடுத்துவிட்டு, நான் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.