'மற்றவர்கள்' என்ற கடைசி வரிசை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், துன் நகரத்தில் புதிதாக வந்தவர்களுக்கான ஜெர்மன் மொழி வகுப்பில் எங்களுக்கு ஆளுக்கொரு சின்னப் புத்தகம் தந்தார்கள். நகரசபை அச்சடித்தது. அட்டையிலும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் நகரத்துக் கோட்டையின் படம் பெரிதாக இருந்தது. உள்ளே கணக்குகள்: நகரத்தில் எத்தனை பேர், தொழிற்சாலைகளில் எத்தனை பேர், விடுதிகளில் எத்தனை பேர். வெளிநாட்டவருக்குத் தனிப் பக்கம். இத்தாலியர், போர்த்துக்கேயர், துருக்கியர் என்று வரிசை வரிசையாகப் போய், கடைசியில் 'மற்றவர்கள்'.

பக்கத்தில் இருந்த போர்த்துக்கேயப் பெண் தன் வரிசையில் விரலை வைத்துச் சிரித்தாள். அவளும் நானும் ஏரிக்கரை விடுதியொன்றில் அறைகள் துப்புரவாக்குகிறவர்கள். எனக்கு விரல் வைக்க இடம் இருக்கவில்லை.

"நாங்கள் எங்கே?" என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"மற்றவர்களில். நீங்கள் கொஞ்சப் பேர்தானே."

அந்தக் கிழமை வீட்டுப்பாடம் 'எங்கள் நகரம்'. நான் எழுதினேன்: 'துன் அழகான நகரம். பயணிகள் படுத்தெழும்பிய கட்டில்களை விரிப்பவர்கள் மற்றவர்கள். அவர்கள் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுபவர்களும் மற்றவர்கள். மற்றவர்கள் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் துன் அழகாக இருக்காது.'

ஆசிரியை இலக்கணப் பிழைகளைத் திருத்தினார். கடைசி வரியைச் சிவப்பு மையால் வெட்டினார்.

"இது நகரத்தைப் பற்றியதல்ல. உங்களைப் பற்றியது."

"நானும் இந்த நகரத்தில்தானே இருக்கிறேன்?"

"கடைசி வகுப்புக்கு நகரசபையிலிருந்து ஒருவர் வருவார். இந்த வரி இல்லாமல் வாசியுங்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் பயந்துவிட்டார். "உமக்கு என்னத்துக்கு இந்த வில்லங்கம்? எங்கட அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. அவ சொன்னமாதிரி வாசிச்சிட்டு வாரும்."

"கட்டில் விரிக்கிறதைச் சொன்னா திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"

அவர் வழக்குக் கடிதங்கள் இருந்த பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"அப்ப வாசிப்பன்," என்றேன்.

கடைசி வகுப்பில் வாசித்தேன், வெட்டிய வரியையும் சேர்த்து. குரலை நடுங்க விடவில்லை. போர்த்துக்கேயப் பெண் மட்டும் கைதட்டினாள். ஆசிரியையின் முகம் சிவந்துபோயிற்று.

நகரசபை மனிதர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். "அப்படியானால் 'மற்றவர்கள்' என்பதற்குப் பதிலாக நாங்கள் என்ன எழுதவேண்டும்?"

"தமிழர் என்று."

"நாட்டைப் பார்த்துத்தான் எழுதுவோம். வேண்டுமானால் இலங்கை என்று போடலாம்."

"அந்த நாட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தோம். என்ன மொழி பேசுகிறோம் என்று கேட்டு எழுதுங்கள்."

"அந்தப் பக்கத்தில் இன்னொரு வரிசைக்கு இடமில்லையே."

"கோட்டையைச் சின்னதாக்குங்கள்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

சான்றிதழ் தரும்போது ஆசிரியை மெல்லக் குனிந்து, "கடைசி வரியில் ஒரு வினைச்சொல் பிழை," என்றார். வெட்டிய வரியில் இருந்த பிழையை அவர் திருத்தவேயில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எது பிழை என்று கேட்டு, அங்கேயே திருத்தி எழுதிக்கொண்டேன்.

புத்தகத்தின் அடுத்த பதிப்பு வந்தது. கோட்டை அதே அளவு. நாங்கள் அதே கடைசி வரிசை. மதிய இடைவேளையில், வேலை உடுப்போடேயே நகரசபைக்குப் போனேன். அடுத்த முறை எப்போது அச்சடிப்பீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்படியானால் நான் வந்து கேட்டதாக எழுதி வையுங்கள்," என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். என் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பாதியில் "போதும்" என்றாள். முழுதாக எழுதும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.