மதேராவில் ஒரு குகை அறை

எனக்கு வடிவாக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியின் எசன் நகரில் இருந்து தெற்கு இத்தாலிக்குப் போகும் பேருந்து இது. நான் வழியில் மகளிடம் இறங்குவேன். இப்போது நெடுஞ்சாலை ஓரம் சாப்பாட்டுக்கு நிற்கிறது. என் பக்கத்து இருக்கையில் வந்த இத்தாலிய அம்மா வெளியே வாங்கில் அமர்ந்து, இனி ஏற மாட்டேன் என்கிறார். அவருடைய மகன் கெஞ்சுகிறார்.

"ஊருக்குப் போக விருப்பமில்லையோ?" என்று கூச்சத்தோடு டொச் மொழியில் கேட்கிறேன்.

"மதேராவில நாங்கள் இருந்தது குகை. ஏழு பேர், ஒரு கழுதை. நாட்டுக்கே வெட்கம் எண்டு அரசாங்கம் எங்களை அங்கயிருந்து எழுப்பினது. ஜேர்மனிக்கு வந்தும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப அது ஹோட்டலாம். நான் பிறந்த குகையிலயே இவன் அறை எடுத்திருக்கிறான்."

"குளிக்கிற தொட்டியும் இருக்கு, அம்மா," என்கிறார் மகன்.

அவர் அதைக் காதில் வாங்காமல், பையில் இருந்து ஒரு மர அச்சை எடுத்துக் காட்டுகிறார். ஊருக்குப் பொதுவான அடுப்பில்தான் எல்லார் பாணும் வேகுமாம். தங்கள் பாண் மாறாமலிருக்க மாவில் இதைக் குத்துவார்களாம்.

"அந்தப் பாண் தின்ன ஆசைதான். ஆனால் குகையில படுக்க ஏலாது."

சாரதி ஹோர்ன் அடிக்கிறார்.

"சரி, வாறன். நான் மேல புது ஊரில இருக்கிற தங்கச்சி வீட்டில படுக்கிறன். நீ குகையில படு. கழுதை நிண்ட மூலை நல்ல சூடு."

மகன் சிரித்துவிடுகிறார். அம்மா எழும்பி எனக்கு முன்னால் ஏறுகிறார்.

அச்சில் செதுக்கியிருந்தது சேவலோ எழுத்தோ, ஞாபகம் இல்லை. ஊரின் பெயரும் நான் கேட்டபடி எழுதியதுதான். தெரிந்தவர்கள் ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கள்.